அஷ்டகிரகத்தன்று பிறந்த என் மாமா ஏன் சாமியாராகவில்லை?

மலைக்கோட்டைத் தம்பி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் திண்டுக்கல். ஜோதிடம் படித்தவன் இல்லை. நம்புகிறாயா என்று கேட்டால், பரீட்சை ரிசல்ட் வரும் வாரத்தில் மட்டும் நம்பியிருக்கிறேன். கேள்வி எங்கள் குடும்பக் கதையிலிருந்து வருகிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் தாய்மாமா பிறந்தது 1962 பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை. பிலவ வருஷம் தை 22, அமாவாசை, திருவோணம். வயதானவர்களிடம் இந்தத் தேதியைச் சொன்னால் போதும், "அட, அஷ்டகிரகமா!" என்பார்கள். எட்டுக் கிரகமும் ஒரே ராசியில் கூடுவதால் உலகம் அழியப்போகிறது என்று ஊரே அடங்கிக் கிடந்த நாளாம். அம்மாச்சிக்கு வலி எடுத்தபோது மருத்துவச்சி வர மறுத்திருக்கிறாள். தாத்தா காலில் விழாத குறையாகக் கூட்டிவந்தால், வந்தவள் முதலில் கேட்டது, "இன்னும் ஒரு நாள் அடக்கிக்க முடியாதா ஆத்தா?"

ஜாதக நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. எழுதிய ஜோதிடர் மகரக் கட்டத்தில் ஏழு கிரகத்தை நெருக்கி எழுதிவிட்டு, எட்டாவதான கேதுவுக்கு இடமில்லாமல் கட்டத்துக்கு வெளியே கோடு இழுத்து "கே" என்று எழுதியிருக்கிறார். அடியில் சிவப்பு மையில் "பலமான சந்நியாச யோகம்". இந்த ஒரு வரியால் மாமாவை வாழ்நாளில் ஒருமுறைகூடப் பழனிக்குப் பாதயாத்திரை விடவில்லை. தைப்பூசத்துக்கு வீடே நடந்து போகும், மாமா மட்டும் பஸ். "போனவன் அப்படியே மலை ஏறிட்டான்னா?" என்பது அம்மாச்சியின் பயம். 22 வயதில் கல்யாணத்தைப் பண்ணிக் கட்டிப்போட்டார்கள். இன்றைக்கு மாமாவுக்கு ஹார்டுவேர் கடை, மூன்று பிள்ளைகள், ஞாயிறானால் ஆட்டுக்கறி. துறந்தது என்று பார்த்தால் சர்க்கரை ஒன்றுதான், அதுவும் டாக்டர் சொல்லி. நடக்க விடாததற்குப் பதிலாகவோ என்னவோ, வருஷா வருஷம் கடை வாசலில் பாதயாத்திரைக்காரர்களுக்கு மோரும் சுக்குக் காப்பியும் கொடுப்பார்.

இப்போது விஷயம். போன வாரம் யூடியூபில் ஒரு ஜோதிடர் பேசியதை மாமா கேட்டிருக்கிறார். 2020 டிசம்பரில் குருவும் சனியும் மகரத்தில் சேர்ந்தார்களாம், 1962லும் மகரமாம், அதனால் இன்னும் இருபது வருஷத்துக்குள் மதம், சடங்கு, கல்யாண முறை எல்லாம் தலைகீழாகிவிடுமாம். அன்றிலிருந்து கடையில் இதே பேச்சுதான்.

ஒரு ஆளுக்கே சொன்னது தப்பிவிட்டது. ஒரு சமூகமே சாமி மாறுவதை, பழக்கவழக்கம் மாறுவதை எப்படிக் கட்டத்தில் பார்க்கிறார்கள்? கட்டத்தில் எந்த பாவம் (வீடு), எந்தக் கிரகம்? இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? வெறுமனே திட்டுகிறவர்களும் வெறுமனே கும்பிடுகிறவர்களும் தயவுசெய்து ஒதுங்கிக்கொள்ளவும்.

குடந்தை ஜோதிடன்

தம்பி, நல்ல கேள்வி. தொழில்முறையில் பார்க்கிறவன் என்பதால் முறையை மட்டும் சொல்கிறேன்.

தனி மனிதனுக்கு ஒன்பதாம் பாவம் தர்மம், தகப்பன், குரு. நாட்டுக்குப் பார்க்கும்போது அதே ஒன்பதாம் பாவம் கோயில், மதம், நீதி. குரு நிலைபெற்ற மதத்தைக் காட்டுவார். கேது துறவையும் ஞானத்தையும் காட்டுவார். ராகு அந்நியப் பழக்கம், வெளியிலிருந்து வருவது. சனி உழைக்கிற ஜனங்கள். இதில் குருவும் சனியும் சேர்ந்தால், மேலே இருக்கிற ஆசாரத்துக்கும் கீழே இருக்கிற ஜனத்துக்கும் ஒரு உரசல் வரும். இதுதான் அடிப்படை.

இனி இந்தியா. 1947 ஆகஸ்ட் 15, நள்ளிரவு 12 மணி, டெல்லி. ரிஷப லக்னம், பூச நட்சத்திரம். ரிஷபத்துக்கு ஒன்பதாம் இடம் எது? மகரம். 1962ல் எட்டு கிரகம் கூடியது அங்கே. 2020 டிசம்பர் 21 அன்று குருவும் சனியும் ஒட்டி நின்றது அங்கே. யூடியூப்காரர் சொன்னதில் இந்த அளவுக்கு விஷயம் உண்டு. 1962 பிப்ரவரியிலேயே பொதுத்தேர்தல் நடந்தது, சென்னை மாகாணத்தில் திமுக 50 இடம் பிடித்தது. ஐந்து வருஷத்தில் ஆட்சி. கடவுள் மறுப்பு மேடையிலிருந்து வந்தவர்கள் கோட்டைக்குப் போனார்கள். ஒன்பதாம் பாவம் ஆடியதா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் மாமா விஷயம்: நோட்டு எழுதியவர் பாதியில் நிறுத்திவிட்டார். நாலு கிரகமோ அதற்கு மேலோ ஒரு ராசியில் கூடினால் பிரவ்ரஜ்யா யோகம், அதாவது துறவு யோகம், சரி. ஆனால் யோகம் தரும் கிரகம் சூரியனுக்குப் பக்கத்தில் வந்து ஒளி மங்கி அஸ்தங்கமானால் தீட்சை கிடையாது, பக்தி மட்டும்தான் என்று அடுத்த சுலோகத்திலேயே இருக்கிறது. அன்றைக்குக் குரு சூரியனிடமிருந்து ஆறு பாகைக்குள். மற்றவையும் ஏறக்குறைய எல்லாமே அஸ்தங்கம். தீட்சை இல்லை, பக்தி உண்டு. மோர் கொடுக்கிறார் அல்லவா?

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்

1962ல் எனக்குப் பத்து வயது. மாயவரம் பக்கம் ஒரு கிராமம். அதனால் முதலில் பார்த்ததைச் சொல்லிவிட்டு அப்புறம் படித்ததற்கு வருகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் சந்திரன் மகரத்துக்குள் நுழைந்து திங்கள் சாயங்காலம் வெளியேறும் வரை இரண்டு நாள். கோயிலில் ஹோமம். நெய் கிடைக்காமல் கடைசியில் எதை ஊற்றினார்களோ தெரியாது, புகை கண்ணைக் கரித்தது. அம்மா இரும்புப் பெட்டியைத் திறந்து இருந்த நகையை எல்லாம் போட்டுக்கொண்டாள். "போறதுன்னா போட்டுண்டே போறேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பாயசம். தை அமாவாசைக்குத் தர்ப்பணம் செய்த வீட்டில் அப்படி ஒரு பாயசம் அதற்கு முன்னும் பின்னும் நான் சாப்பிட்டதில்லை. திங்கள் சாயங்காலம் அப்பா திண்ணையில் கடிகாரத்தையும் பஞ்சாங்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மணிக்கு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்துவிட்டுச் சொன்னார்: "சரி, நாளைக்குப் பள்ளிக்கூடம்." வீட்டுப்பாடம் எதுவும் எழுதாமல் உட்கார்ந்திருந்தவனுக்கு அதுதான் பிரளயம்.

அந்த ஆத்திரத்தில்தான் நான் கணக்குப் படிக்கப் போனேன் என்று வகுப்பில் சொல்வதுண்டு. பாதி உண்மை.

இனி விஷயத்துக்கு. குடந்தை ஐயா சொன்ன சுலோகம் வராஹமிஹிரரின் பிருஹத் ஜாதகத்தில் வருவது, ஆறாம் நூற்றாண்டு. அதில் ஐயா சொல்லாமல் விட்ட பகுதிதான் எனக்குப் பிடித்தது. கூடிய கிரகங்களில் எது பலமோ அதைப் பொறுத்து எந்த வகைத் துறவி என்று ஒரு பட்டியல் இருக்கிறது. செவ்வாய் பலமானால் சாக்கியன், அதாவது பௌத்த பிக்கு. புதனுக்கு ஆஜீவகன், அதாவது எல்லாம் விதி என்ற துறவி. சனிக்கு நிர்க்கிரந்தன், அதாவது ஆடையில்லாச் சமணத் துறவி. சூரியனுக்குக் காட்டில் கிழங்கு தின்று வாழ்பவன். குரு, சுக்கிரன், சந்திரன் ஒவ்வொருவருக்கும் ஒரு வகை.

தம்பி, உங்கள் மாமா கட்டத்தைப் பாருங்கள். மகரத்தில் செவ்வாய் உச்சம், சனி ஆட்சி, இரண்டுமே பலம். நூல்படி நேராகப் போனால் மாமா ஒன்று புத்தபிக்கு, இல்லை திகம்பரர். திண்டுக்கல் கடைத்தெருவில் இரண்டுக்கும் வசதி போதாது.

சிரிப்பை விடுங்கள். இந்தப் பட்டியல் யாருடைய ஊர்? உஜ்ஜயினிப் பக்கம் தெருவில் அன்றாடம் இத்தனை வகைத் துறவிகள் நடந்துபோன காலம் அது. வராஹமிஹிரர் தன் வாசலில் பார்த்த மதங்களைக் கிரகங்களுக்குப் பங்கு போட்டார். தமிழ்நாட்டிலும் அப்போது அப்படித்தான். மணிமேகலை வரிசையாகச் சமயக்கணக்கர்களைச் சந்திக்கிற இடத்தில் ஆசீவகவாதியும் ஒருவன். மதுரைப் பக்கம் கீழக்குயில்குடிச் சமணர் மலைக்குப் போனவர்களுக்கு நிர்க்கிரந்தர் யார் என்று நான் சொல்ல வேண்டாம்.

அப்புறம் ஆஜீவகர்கள் தேய்ந்து மறைந்தார்கள். சரி, புதன் என்ன செய்வார்? பத்தாம் நூற்றாண்டில் பட்டோத்பலர் இதே நூலுக்கு உரை எழுதுகிறார். ஆஜீவகன் என்றால் ஒற்றைத் தண்டம் பிடித்தவன், நாராயணனை அண்டியவர்களையும் அது குறிக்கும் என்கிறார்! நானூறு வருஷத்தில் கடவுள் மறுத்த விதிவாதி, நாராயண பக்தன் ஆகிவிட்டான். புதன் அதே இடத்தில்தான் சுற்றுகிறது. மதம் மாறியது, கிரகத்தின் பெயர்ப்பலகையில் எழுத்து மாறியது. தம்பியின் கேள்வியை எனக்குத் திருப்பிப் போடத் தோன்றுவது இதனால்தான்: சமூகம் மாறும்போது ஜோதிடம் எப்படி மாறுகிறது என்பதற்கு ஆதாரம் கைநிறைய இருக்கிறது.

இன்னொரு பட்டியல் பாருங்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ரோஜர் பேக்கன் என்ற கிறிஸ்தவத் துறவி, அரபு நூல்களிலிருந்து எடுத்து எழுதுகிறார்: குருவோடு சனி சேர்ந்தால் யூத மதம், சுக்கிரன் சேர்ந்தால் இஸ்லாம், புதன் சேர்ந்தால் கிறிஸ்தவம், சூரியன் சேர்ந்தால் எகிப்தியர் மதம். நம் ஊர்க் குழந்தையிடம் கேட்டால்கூடப் பாதியைக் கண்டுபிடித்துவிடும். யூதர்களின் ஓய்வுநாள் என்ன கிழமை? சனி. ஜும்மா தொழுகை என்ன கிழமை? வெள்ளி. மதம் முதலில் வந்தது, அதற்குக் கிரகம் பிறகு ஒதுக்கப்பட்டது.

"இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது" என்று கேட்டீர்கள். குரு, சனி சேர்க்கையால் மதம் மாறும் என்ற கணக்கு முக்கியமாகப் பாரசீகம், பாக்தாத் வழி. பாக்தாத் நகருக்கு 762ல் அஸ்திவார முகூர்த்தம் குறித்துக் கொடுத்தவர்களில் மாஷாஅல்லா என்ற யூத ஜோதிடர் ஒருவர். அவருக்குப் பின் வந்த அபூ மஃஷர் அதை விரிவாக எழுதினார். இரண்டு கிரகமும் இருபது வருஷத்துக்கு ஒருமுறை சேரும். நெருப்பு ராசிகளில் பல முறை சேர்ந்துவிட்டு நில ராசிகளுக்கு மாறும், அப்புறம் காற்று, நீர். ஒரு வகையில் இருநூறு வருஷத்துக்கு மேல். வகை மாறினால் ஆட்சி மாறும், பெரிய சுற்று முடிந்தால் புது மதம். 571ல் விருச்சிகத்தில் நடந்த சேர்க்கைதான் இஸ்லாத்தைக் காட்டியது என்று எழுதினார்கள். எப்போது எழுதினார்கள்? இஸ்லாம் வந்து வேரூன்றிய பிறகு.

நமக்கும் இதில் பங்கு உண்டு. நம் பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருஷம் என்பது குருவின் ஐந்து சுற்று, சனியின் இரண்டு சுற்று. மூன்று சேர்க்கை ஒரு அறுபது. 1961ல் மகரம், 1981ல் கன்னி, 2000ல் மேஷம், 2020ல் மறுபடி மகரம். அதனால் 1961ம் 2020ம் ஒரே ராசி என்பது அதிசயமே இல்லை, கடிகார முள் பன்னிரண்டுக்கு வந்த மாதிரி. அபூ மஃஷரும் நம் கலியுகம் தொடங்கும் கி.மு. 3102 பிப்ரவரியைத்தான் எடுத்துக்கொண்டு, அதில் நோவாவின் வெள்ளத்தை வைத்தார். அங்கே ஊழி, இங்கே யுகம், தேதி ஒன்று.

ஆனால் நம் பஞ்சாங்கத்தின் முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ராஜா, மந்திரி, சேனாதிபதி, மேகாதிபதி, தான்யாதிபதி, ரஸாதிபதி என்று ஒன்பது நாயகர் இருப்பார்கள். மழைக்கு ஒரு அதிபதி, நெல்லுக்கு ஒரு அதிபதி, எண்ணெய்க்கும் வெல்லத்துக்கும்கூட அதிபதி உண்டு. மதத்துக்கு ஒருவரும் கிடையாது. வருஷப் பலன் வெண்பாக்களிலும் மழை, மாடு, அரசன், திருடன்தான். நம் ஆட்களுக்குக் கவலை வயலில் இருந்தது. யார் எந்தச் சாமியைக் கும்பிடுவான் என்று அதில் யாரும் பார்க்கவில்லை.

கை வலிக்கிறது. லூதர் கதை பாக்கி இருக்கிறது, காப்பி குடித்துவிட்டு வருகிறேன்.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்

ஜோதிடம் ஒரு மத மாற்றத்தை எப்படிக் கையாளும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1484 நவம்பரில் குருவும் சனியும் விருச்சிகத்தில் சேர்ந்தன (மேல்நாட்டு சாயனக் கணக்குப்படி, நம் ராசிக் கணக்கு வேறு). 1488ல் லிச்டன்பெர்கர் என்ற ஜெர்மானிய ஜோதிடர் ஒரு புத்தகம் போட்டார். சேர்க்கையின் பலனாக ஒரு துறவி தோன்றி மதத்தில் பெரிய மாறுதல் செய்வான் என்று அதில் இருந்தது. தோளில் ஒரு குட்டிப் பேய் உட்கார்ந்திருக்கும் துறவி படமும் உண்டு. 1517ல் மார்ட்டின் லூதர் கிளம்பியதும் எல்லோரும் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டினார்கள்.

ஒரே ஒரு சிக்கல். லூதர் பிறந்தது 1483 நவம்பர் 10. சேர்க்கைக்கு ஒரு வருஷம் முன்னாலேயே பிறந்துவிட்டார். என்ன செய்வது? இத்தாலியில் காவ்ரிகோ என்ற ஜோதிடர் பிறந்த நாளையே 1484 அக்டோபர் 22க்கு நகர்த்திவிட்டார். கட்டம் பிரமாதமாக வந்தது: விருச்சிகத்தில் ஐந்து கிரகம், அதுவும் ஒன்பதாம் பாவத்தில். குடந்தை ஐயா சொன்ன அதே ஒன்பது! மதத்துக்குத் துரோகி, நரகத்துக்குப் போவான் என்று பலன். இதில் வேடிக்கை, லூதர் பக்கத்து ஜோதிடர்களும் தேதி தவறு என்று சண்டைக்குப் போகவில்லை. 1484ஐ அவர்களும் வைத்துக்கொண்டு, நேரத்தை மட்டும் ராத்திரியிலிருந்து காலை ஒன்பது மணிக்கு மாற்றினார்கள். பாவம் நகர்ந்தது, துரோகி உத்தமர் ஆனார்.

லூதரின் நண்பர் மெலாங்தனுக்கு ஜோதிடத்தில் ஆசை அதிகம். அவர் லூதரின் அம்மாவிடமே நேரில் கேட்டிருக்கிறார். அம்மா, "நாளும் மணியும் நன்றாக நினைவிருக்கிறது, வருஷம்தான் நிச்சயமில்லை" என்றாராம். "ஐப்பசி மாசம், அடைமழை, விளக்கு வச்ச நேரம்" என்று சொல்லிவிட்டு வருஷத்துக்கு மோட்டுவளையைப் பார்க்கும் நம் வீட்டுப் பாட்டிகள் ஞாபகத்துக்கு வருகிறார்களா? லூதருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும் 1527ல் அதே லிச்டன்பெர்கர் புத்தகம் விட்டன்பெர்க்கில் மறுபதிப்பு வந்தபோது முன்னுரை எழுதிக் கொடுத்தார்.

1524 பிப்ரவரியில் மீனத்தில் கிரகங்கள் கூடுகின்றன, வெள்ளம் வரும் என்று ஐரோப்பாவில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு நூல்கள் அச்சாயின. வெள்ளம் வரவில்லை. அந்த வருஷமே ஜெர்மனியில் விவசாயிகள் கலகம் தொடங்கியதும், வெள்ளம் என்று சொன்னது அந்த ஜனவெள்ளத்தைத்தான் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். 1962ல் எங்கள் ஊரிலும் அதுதான். பிப்ரவரியில் ஒன்றும் நடக்கவில்லை, அக்டோபரில் சீனப் படை வந்தது. "நான் அப்பவே சொன்னேனே, எட்டு கிரகம் சும்மா விடுமா" என்று என் சித்தப்பா திண்ணையில் சொன்னார். பிப்ரவரியில் அவர் சொன்னது பூகம்பம்.

பலித்ததையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை. பியர் தாய்லி என்ற பிரெஞ்சு கார்டினல், 1414ல், சனியின் பத்துச் சுற்றுகளை வைத்துக் கணக்கிட்டு, உலகம் அதுவரை நின்றால் 1789ல் சட்டங்களிலும் சமயங்களிலும் பெரிய மாற்றம் வரும் என்று எழுதி வைத்துப் போனார். 1789ல் பிரெஞ்சுப் புரட்சி, திருச்சபை நிலமெல்லாம் பறிமுதல். இதைப் படித்த அன்று எனக்கே கொஞ்ச நேரம் தூக்கம் வரவில்லை.

ராகுகாலப்பிள்ளை

வாத்தியார் ஐயா, உங்கள் அம்மா நகை போட்டுக்கொண்ட இடத்தில் சிரித்துவிட்டேன்.

என் புனைபெயருக்குக் காரணம் உண்டு. என் அப்பா அம்மா கல்யாணம் 1969ல், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. அசல் ராகு காலம். ஐயர் இல்லை, அக்கினி இல்லை, மாலை மாற்றிக்கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து. அண்ணா ஆட்சியில் 1967ல் கொண்டுவந்த சட்டத்திருத்தத்தால் அது செல்லுபடியாகும் கல்யாணம். அதற்கு முன்னால் அப்படிக் கட்டியவர்களின் பிள்ளைகள் சொத்து வழக்கில் பட்ட பாட்டை அப்பா நிறையச் சொல்வார்.

குடந்தை ஐயா, ஒன்பதாம் பாவம் ஆடியது என்கிறீர்கள். ஆட்டியவர்கள் ஊர் ஊராகச் சைக்கிளில் போய்க் கூட்டம் போட்டவர்கள். அவர்கள் 1962க்கு முப்பது வருஷம் முன்பே தொடங்கிவிட்டார்கள், அப்போது கிரகங்கள் எங்கே இருந்தன?

ஆனால் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டு அளவுக்குத் தினசரிக் காலண்டரைப் பார்த்த வீடு தெருவில் கிடையாது. ராகு காலம், எமகண்டம் எப்போது என்று பார்த்து அதில்தான் கடை திறப்பு, வீடு குடிபோவது எல்லாம். அப்பாவுக்கு வாரக் கணக்கு முழுக்க மனப்பாடம். பக்கத்து வீட்டு மாமி நல்ல நேரம் தெரியவில்லை என்றால் அப்பாவிடம்தான் கேட்பார். அவர் சரியாகச் சொல்வார், சொல்லிவிட்டு அரை மணி நேரம் திட்டுவார்.

அதே காலண்டர் அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள். அமாவாசை, கிருத்திகைக்குப் பக்கத்தில் ரம்ஜான், பக்ரீத், கிறிஸ்துமஸ், புனித வெள்ளி என்று பட்டியல் இருக்கும். இது எந்தக் கிரகச் சேர்க்கையில் வந்தது? வாங்குகிறவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள் என்று அச்சடிப்பவருக்குத் தெரிந்தபோது வந்தது. 2008ல் தை முதல் நாள்தான் தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் வந்தது, 2011ல் அது திரும்பச் சித்திரைக்குப் போனது. நடுவில் இருந்த வருஷங்களிலும் எங்கள் வீட்டுக்கு வந்த பஞ்சாங்கம் சித்திரையில்தான் தொடங்கியது. அப்பா அந்த மூன்று வருஷம் பொங்கலன்று எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்து சொன்னார், சித்திரை ஒன்று அன்று வீட்டில் இருக்கவே மாட்டார்.

என் மகள் கல்யாணம் போன வருஷம். முகூர்த்தம் இல்லாத நாளில் வைத்தோம். கொள்கையா என்று கேட்காதீர்கள், மண்டப வாடகை பாதி.

குடந்தை ஜோதிடன்

ராகுகாலப்பிள்ளை அம்மா சொன்னதில் கோபமில்லை. என்னிடம் வரும் ஐடி பிள்ளைகளும் இப்போது மண்டபம் கிடைத்த தேதியைச் சொல்லிவிட்டு "இதுல ஒரு முகூர்த்தம் பார்த்துக் குடுங்க" என்கிறார்கள். நானும் பார்த்துக் கொடுக்கிறேன்.

வாத்தியாருக்கு: பெயர்ப்பலகை மாறுவது குற்றமா? தேச, கால, பாத்திரம் பார்த்துப் பலன் சொல் என்பது சாஸ்திரமே சொன்னது. வராஹமிஹிரர் யவனரை, அதாவது கிரேக்கரை, மிலேச்சர் என்று சொல்லிவிட்டு, இந்த சாஸ்திரம் அவர்களிடம் நன்றாக இருக்கிறது, அதனால் ரிஷிகளைப் போல அவர்களையும் பூஜிக்கிறார்கள் என்று எழுதினார். ஓரை, கேந்திரம் என்ற சொற்களே கிரேக்கத்திலிருந்து வந்தவை. எங்கள் தொழில் நிற்பது மாறுவதால்தான். மாறாமல் நின்றவர்கள்தானே ஆஜீவகர்கள்?

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்

கடைசி வரி அடி பலம், ஒத்துக்கொள்கிறேன் ஐயா.

ஆனால் இதற்கு மட்டும் பதில் வேண்டும். நாலு கிரகம் கூடினால் சந்நியாசம். 1947 ஆகஸ்ட் 15 கட்டத்தில் கடகத்தில் சூரியன், சந்திரன், புதன், சுக்கிரன், சனி என்று ஐந்து. நாடே காவி கட்டிக் காட்டுக்குப் போயிருக்க வேண்டும். பாகிஸ்தானுக்கும் அதே இரவு, அதே ஐந்து. ஒன்று மதச்சார்பற்ற அரசு என்றது, மற்றது 1956ல் இஸ்லாமியக் குடியரசு ஆனது. பர்மாவில் 1961ல் பௌத்தத்தை அரச மதமாக்கினார்கள், அஷ்டகிரகம் முடிந்து ஒரு மாதத்துக்குள், 1962 மார்ச் 2 அன்று, ராணுவம் வந்து அதையும் அரசியல் சட்டத்தையும் சேர்த்துத் தூக்கி எறிந்தது. ஒரே வானத்துக்குக் கீழே ஒருவன் மதத்தை ஏற்றுகிறான், ஒருவன் இறக்குகிறான்.

குடந்தை ஜோதிடன்

லக்னம் வேறு ஐயா.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்

அதைத்தான் லூதர் பக்கத்து ஜோதிடர்களும் சொன்னார்கள்.

மலைக்கோட்டைத் தம்பி

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

மொத்தத்தையும் மாமாவுக்குக் கடையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். நடுவில் இரண்டு பேர் பிவிசி பைப் வாங்க வந்து, அவர்களும் நின்று கேட்டார்கள். திகம்பரர் இடத்தில் மாமாவுக்கு இருமல் வந்துவிட்டது. லூதரின் அம்மா பற்றி வந்ததும் "எங்கம்மாவுக்கு மணி மறந்திருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்றார். அஸ்தங்கம், தீட்சை கிடையாது என்ற பகுதியை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். குடந்தை ஐயா, அதை உங்கள் பெயரோடு ஒரு காகிதத்தில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார், வீட்டில் காட்டவாம்.

அம்மாச்சி இப்போது இல்லை. இருந்தாலும் அத்தை அதே பயத்தை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார் என்பது நேற்று ராத்திரிதான் எனக்கே தெரிந்தது. காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "பக்தி மட்டும்னு போட்டிருக்குல்ல? அப்ப ஒட்டன்சத்திரம் வரைக்கும் நடக்கட்டும், அங்கேருந்து பஸ்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மாமா வாதாடவில்லை. இன்று காலை கடைக்குப் போகும் வழியில் செருப்புக் கடையில் நின்றுகொண்டிருந்தார்.